கூட வாசிச்சது யாரு?

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் வாங்குவதற்கு மிச்சம் இருக்காது.

பல வருஷங்கள் நான் ஒரு வெள்ளைக்கார கிட்டார்க்காரனுக்குப் பரம ரசிகனாக இருந்தேன். பெயர் ராய் டன்மோர். அம்பத்தூரில் எங்கள் வீட்டு பீரோ கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒட்டடைக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவனுடைய ஒரு பாட்டின் நடுவில் வரும் நீளமான இழுப்புக்குக் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, இல்லாத கம்பியை வளைத்து வளைத்து வாசித்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு அழுகையே வரும். அதோடு விட்டேனா? தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகும் பஸ்ஸில், என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு விளக்கம் வேறு. "மச்சான், அந்த எடத்துல ஒத்தக் கம்பிய எப்டி வளைக்கிறான் பாத்தியா? நம்ம வெரலா இருந்தா அறுந்து வுழுந்துரும்டா."

அது கிட்டாரே இல்லை. கீபோர்டு.

இதை எனக்குச் சொன்னவர் அண்ணாத்தே. சொன்னார் என்பது மரியாதைக்கு. கத்தினார். ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்.

அண்ணாத்தே அம்பத்தூர் கேட்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், பாட்டுப் பதிவு செய்து தரும் கேசட் கடை வைத்திருந்தார். எண்பதுகளில் அது பெரிய தொழில். காலி கேசட்டையும் வேண்டிய பாட்டுகளின் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் பதிந்து தருவார். இசைத்தட்டு ஓடும்போது பக்கத்து மில் ஓடினால் ஊசி குதிக்கும். அதனால் மில்காரர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துத்தான் பதிவு நடக்கும். அப்படி ஒரு மத்தியானம் டன்மோரின் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன்.

"அண்ணாத்தே, இந்த எடம் வருது பாருங்க... இப்ப... இப்ப... வளைக்கிறான் பாருங்க!"

"இன்னா வளைக்கிறான்?"

"கம்பிய."

"எந்தக் கம்பிய? கரண்டு கம்பியா?" பதிவை அப்படியே நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடி பதிய வேண்டும். இருந்தும் நிறுத்தினார். "அது கிட்டாராடா உனுக்கு? அது கீபோர்டுடா, சோமாரி! வாசிக்கிறவன் பேரு இவான் கெசெக்கு. வலது கையால கட்டைய அமுக்கிகினு, எடது கையால ஒரு சின்ன சக்கரத்த உருட்டுவான். அதாண்டா வளையுது. உன் ஆளு அந்த எடத்துல கைய கட்டிகினு நிக்கிறான்!"

"அட்டையில அவன் போட்டோதான் அண்ணாத்தே கீது..."

"போட்டோ கீது! பின்னாடி திருப்பிப் பாத்தியா? இத்தினி வருஷமா டன்மோருக்கு வுசில் அடிச்சிகினு கீற. அந்த வுசில் எல்லாம் யாருது? கெசெக்குது! திருப்பிக் குடு!"

விசிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். என்னுடைய கேசட் பிளாட்பாரத்தில் வாங்கியது. நகலின் நகல். அட்டையில் டன்மோரின் தலைமுடி தவிர வேறு ஒன்றும் அச்சாகியிருக்காது. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் இசைத்தட்டின் உறையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கவைத்தார். டிரம்ஸ் இன்னார், பேஸ் கிட்டார் இன்னார், கீபோர்டு கெசெக். படித்து முடித்த பிறகுதான் போக விட்டார்.

அந்த மனிதரின் குணம் மொத்தமும் இதுதான். எங்கே பாட்டுக் கேட்டாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கூட வாசிச்சது யாரு?" கல்யாண வீடு, டீக்கடை ரேடியோ, ஒரு தடவை சாவு வீட்டு மேளம் என்று எங்கேயும் விட்டதில்லை. வாடிக்கையாளர்கள் சீட்டில் 'அந்த ஹீரோ மழையில் ஆடுகிற பாட்டு' என்று எழுதிக்கொண்டு வந்தால் தொலைந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் மாட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஹீரோ ஆடுறான். சரி. பாடுறது யாரு?"

ஆட்டோக்காரர் சொன்னார்.

"நடுவுல ஒரு புல்லாங்குழல் வருதே, அது யாரு?"

"அண்ணாத்தே, நான் பாட்டு பதிய வந்தனா, பத்தாவது பரீட்ச எய்த வந்தனா?"

"அந்தப் புல்லாங்குழல கேட்டுத்தான உனுக்கு இந்தப் பாட்டே புட்ச்சிது?"

"எனுக்கு ஹீரோயின புட்ச்சிது அண்ணாத்தே."

அண்ணாத்தே பதிந்துதான் கொடுத்தார். ஆனால் கேசட் அட்டையில் பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் 'புல்லாங்குழல் — தெரியவில்லை, விசாரிக்க வேண்டும்' என்று எழுதிவிட்டார். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஓடிய பாதி ஆட்டோக்களில் இந்த 'விசாரிக்க வேண்டும்' இருந்தது. என்ன விசாரணை என்று போலீஸ்காரர் யாராவது கேட்டிருந்தால் கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

டன்மோர் அவருக்குத் தெய்வம். தெய்வத்தின் கதையை அவர் சொல்கிற விதம் தனி. டன்மோர் முதலில் ஒரு பெரிய குழுவில் இருந்து, பாடகனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன். அதை அண்ணாத்தே ஏதோ பூந்தமல்லியில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதை மாதிரி சொல்வார்.

"பாடுறவன் இன்னா பண்ணான்? குழு பேர எட்துகினான். மேனேஜர எட்துகினான். மெயின் ரோட்டு வூடு மொத்தம் அவனுக்கு. இவனுக்கு இன்னா? ஒரு கிட்டாரு, ஒரு ஸ்பீக்கர் பொட்டி. கொல்லப்பக்கம் கூட இல்ல! மொத மொத தனிக்குடித்தனம் போறான். எவனும் எட்டிப் பாக்கல. அப்ப வந்து நின்னவன்தான் கெசெக்கு. அடுப்பு பத்த வெச்சிக் குடுத்தவன். அத்த மறக்கக் கூடாது."

டன்மோரின் ஒவ்வொரு தனிக் கேசட்டிலும் யார் கூட வாசித்தார்கள், அவர்கள் அதற்கு முன் யாரோடு இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் எல்லாம் அவருக்குச் சம்பந்தி வீட்டு விவகாரம் போலத் தெரியும். இசைத்தட்டுகள் கப்பலில் வேலை செய்த மாமா மகன் வழியாக வரும். மற்ற செய்திகளுக்கு ஆவடி. அங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளிலிருந்து எடைக்கு விழும் இங்கிலீஷ் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாத்தே அந்தக் கடையில் குந்திக்கொண்டிருப்பார். இங்கிலீஷ் அவருக்கு நிதானமாகத்தான் வரும். புரியாத வரிக்கு என்னிடம் வருவார். எனக்கு அதைவிட நிதானமாக வரும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பத்தியை முடிப்பதற்குள் ரயில்வே கேட் பல தடவை மூடித் திறந்திருக்கும்.

அவரும் கிட்டார் வாசிப்பார். தாமோதரன் என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் ரொம்ப நாள் வாசித்தார். தாமோதரன்தான் பாடகர், முதலாளி, நோட்டீஸில் பெரிய போட்டோ. ஆடி மாதம் வந்தால் பாரிவாக்கம், அண்ணனூர், வானகரம் என்று ஒவ்வொரு ஊர் அம்மன் திருவிழாவிலும் மேடை ஏறுவார்கள். கிட்டாரைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. ரசிகன் என்றால் சும்மாவா?

பாரிவாக்கத்தில் ஒரு சாயங்காலம். கச்சேரி நடுவில் விழாக் கமிட்டித் தலைவர் மேடை ஏறி, தாமோதரனுக்குப் பொன்னாடை போட்டார். "இப்படி ஒரு இசை மழையைப் பொழியும் தாமோதரன் அவர்கள்..." என்று தொடங்கி, மழையை விடவே இல்லை. பின்னால் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாத்தே கிட்டாரைக் கழற்றாமலேயே நடந்து வந்து, தலைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"மழ பேஞ்சிது, சரி. மேகம் யாரு? டோலக்கு வாசிக்கிறவர் பேரு எத்திராஜு. கை தட்டுங்க. தபலா, காதர் பாய். கை தட்டுங்க. கீபோர்டு..."

"பாட்ட போடுயா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"போட்றேன், குந்து! மைக் செட்டு, நம்ம மாரி. ஜெனரேட்டரு பாத்துக்கிறவர் பேரு..." திரும்பி, "நைனா, உம் பேரு இன்னா?" என்று இருட்டுக்குள் கேட்டார்.

"கோயிந்தன்!" என்று ஜெனரேட்டருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அன்றைக்கு அதிகம் விசில் வாங்கியது அந்தக் கோவிந்தன்தான். தாமோதரன் பொன்னாடையோடு, துணிக்கடை பொம்மை மாதிரி நின்றார்.

கச்சேரி முடிவதற்கு முன்பே அண்ணாத்தேயைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் சைக்கிள் கேரியரில், மடியில் கிட்டாரோடு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். எனக்கு அது தெரியும். "இன்னா அண்ணாத்தே, இப்டி ஆயிடுச்சே," என்றேன்.

"இன்னா ஆச்சு? எத்திராஜு மூஞ்சிய பாத்தியா, அவன் பேர சொன்னப்ப?" என்றார். "எங்கியாவது எவனாவது சொல்லிக் கீறானா இதுக்கு முன்னாடி?"

அப்போது அவர் மேல் எனக்கு வந்த மரியாதையை இப்போதும் என்னால் முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இனி கஸ்தூரி அண்ணியைச் சொல்ல வேண்டும். அண்ணாத்தேயின் மனைவி. எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. சாயங்காலம் கம்பெனி விட்டதும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணாத்தே ஷட்டரை இழுத்தவுடன் இரண்டு பேரும் எலக்ட்ரிக் ட்ரெயினில் அண்ணனூருக்குப் போவார்கள். அப்படிக் காத்திருக்கும்போது அண்ணி வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பார். சினிமாப் பாட்டு இல்லை. வேறு எங்கேயும் கேட்காத பாட்டு.

"இது எங்க கேட்டது அண்ணி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எங்கியும் கேக்கல. மிஷின் ஓடச் சொல்லோ வரும். காலர் திரும்புற எடத்துல பாட்டும் திரும்பிகினு போவும். நான் இன்னா பண்றது?"

தாமோதரன் குழுவிலிருந்து வெளியே வந்த பிறகு அண்ணாத்தேவுக்கு மாலையில் வேலை இல்லை. கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணி முனகுவதைப் பிடிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அண்ணி கல்லாப் பெட்டி மேல் விரலால் தட்டிக்கொண்டு, "அங்க இல்லய்யா. இன்னும் மேல. நேரா போவாத, வளைச்சிகினு போ," என்பார். அவர் வளைப்பார். "ம்க்கும். கழுத்துக்கு பத்தல," என்பார் அண்ணி. மறுபடி வளைப்பார். பிடிபட்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நான் வெளியே போய் ரயிலைப் பார்ப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டன்மோர் கவிழ்ந்தான். ஆவடி பேப்பர் கடையில் கிடைத்த ஒரு பத்திரிகையில் கெசெக்கின் பேட்டி இருந்தது. டன்மோரின் புதுக் கேசட்டில் முக்கியமான இரண்டு பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டது தானே என்றும், அட்டையில் எல்லாவற்றுக்கும் டன்மோர் தன் பெயரையே போட்டுக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருந்தார். டன்மோரைக் கேட்டதற்கு, 'எங்கள் குழு ஒரே குடும்பம், யார் பெயர் இருந்தால் என்ன' என்று பதில் சொன்னானாம். இதை நானும் அண்ணாத்தேயும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். படித்து முடித்தபோது அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

"குடும்பமாம்! குடும்பம்னா கெசெக்கு பேர போட்டுட்டு உன் பேர வுடுறது! அடுப்பு பத்த வெச்சவன் கைய எட்து அடுப்புக்குள்ளயே வெச்சிட்டியேடா, பாவி!"

கடைச் சுவரில் டன்மோர் கிட்டாரோடு குனிந்து நிற்கிற பெரிய படம் ஒன்று இருந்தது. அதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டினார். வகுப்பில் தப்புப் பண்ணிய பையனை நிற்கவைப்பது போல. வருகிறவர்கள் எல்லாம் வெள்ளைத்தாளைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, சாமி படமா?" என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் கெசெக்கின் கதையை முதலிலிருந்து சொன்னார். மாவு அரைக்க வந்த பெண்களுக்குக் கூடத் தெரியும், செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஒருவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அம்மன் பாட்டுக் கேசட்டுகள் சக்கைப் போடு போட்டன. அண்ணாத்தேவும் ஒன்று போடத் தீர்மானித்தார். பாட்டு வரிகளை அண்ணனூரில் ஒரு வாத்தியார் எழுதினார். மெட்டு எல்லாம் அண்ணியுடையது. ஒரு மெட்டு கூட அவருடையது இல்லை. நான் சத்தியம் செய்வேன். எல்லாம் முடிந்து கோடம்பாக்கத்தில் பதிவுக்கு நாள் குறித்த சாயங்காலம், அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"யோவ், அட்டையில எம் பேரும் போடு. கம்பெனியில தையல் லைன்ல எல்லாருக்கும் சொல்லிக் கீறேன். தெனம் கேக்குறாளுங்க, 'கஸ்தூரி அக்கா, எப்ப வரும், எப்ப வரும்'னு."

அண்ணாத்தே கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். "போடாம?" என்றார்.

அண்ணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பெயர் போடுவதைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே.

அட்டை அச்சாகி வந்த அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். அப்படி ஒரு அட்டையை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாடியவர், தபலா காதர் பாய், டோலக் எத்திராஜ், புல்லாங்குழல், கீபோர்டு, ஒலிப்பதிவு செய்தவர், அவருக்கு உதவி, ஸ்டூடியோவில் டீ கொண்டுவந்து கொடுத்தவர். எல்லோர் பெயரும். கடைசியில், 'நன்றி: கிட்டாரைச் சைக்கிளில் சுமந்த தம்பி குணசேகர்.'

என் பெயர்! அச்சில்! நான் கை கொண்ட மட்டும் அட்டைகளை அள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். கடைசியாக என் அம்மாவிடம் காட்டினேன்.

"நீ இன்னாடா, பாட்டா பாடுன?"

"இல்லம்மா. சைக்கிள் மிதிச்சேன்."

அம்மா அட்டையைத் தூரமாகப் பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்: "மெட்டெல்லாம் அந்தப் பொண்ணு கஸ்தூரி போட்டதுன்னு சொன்னியே, அவ பேரு எங்கடா?"

வாங்கிப் பார்த்தேன். 'மெட்டும் இசையும்' என்ற இடத்தில், மற்ற எல்லோரையும் விடப் பெரிய எழுத்தில் அண்ணாத்தேயின் பெயர் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பார்த்தேன். சைக்கிளுக்குப் பெயர் இருந்தது. டீக்குப் பெயர் இருந்தது. என் பெயரைத் தேடின கண்ணுக்கு வேறு எதுவும் படவில்லை என்பதை இப்போது சொல்வதற்கு வெட்கமாக இல்லை. ஒட்டடைக் கம்பு விஷயத்தையே சொன்ன பிறகு இதற்கென்ன?

கடைக்கு ஓடினேன். அச்சகத்தில் விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாத்தே, அண்ணி பேரு வுட்டுப் போச்சு."

"வுட்டுலாம் போவல."

"மெட்டு அண்ணிதுதான?"

"டேய், அட்டையில வாசிச்சவன் பேருதாண்டா போடணும். அவ இன்னா வாசிச்சா?"

 வேறு யாரோ அவர் வாயால் பேசுகிற மாதிரி இருந்தது.

"டீ கொண்டாந்தவர் இன்னா வாசிச்சார் அண்ணாத்தே?"

"அவன் வெளி ஆளு. இவ என் பொண்டாட்டி. எம் பேரு கீதுல்ல, அப்புறம் அவ பேரு எதுக்கு? சோறு துன்னா கைக்குத் தனியா, வாய்க்குத் தனியா தேங்க்ஸ் சொல்லுவியா? எல்லாம் ஒரே குடும்பம்."

"டன்மோரும் இத்தத்தான சொன்னான்?"

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. அண்ணாத்தே என்னைப் பார்க்கவில்லை. கேசட்டுகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு குரலை இறக்கி உண்மையைச் சொன்னார்.

"பூந்தமல்லியில எங்க ஆளுங்க எல்லாம் வாங்குவானுங்கடா. 'பொண்டாட்டி மெட்டு போட்டு இவன் பொயக்கிறான்'னு சொல்ல மாட்டானுங்க? தாமோதரன் சொல்ல மாட்டான்? எனுக்குன்னு ஒரு இது கீதுல்ல?"

என்ன 'இது'? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜெனரேட்டர் கோவிந்தனுக்காக வேலையை இழந்த மனிதர். எங்கேயோ பிறந்த, தமிழில் ஒரு வார்த்தை தெரியாத கெசெக்குக்காக ராத்தூக்கம் கெட்ட மனிதர். கூடவே ட்ரெயினில் வருகிறவளுக்கு ஒரு வரி இல்லை. மெட்டைப் பிடிக்கும்போது சிரித்தாரே, அந்தச் சிரிப்பு யாருடையது?

மறுநாள் சாயங்காலம் அண்ணி வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"லைன்ல அல்லாரும் அட்டைய பிரிச்சிப் பிரிச்சித் தேடுனாளுங்க," என்றார். "சூப்பர்வைசர் கேக்குறான், 'டீ போட்டவன் பேரு கூட கீதே கஸ்தூரி, உன்னுது எந்த ஊர்ல கீது?'ன்னு. அல்லாம் சிரிக்குது."

கையிலிருந்த கேசட்டைக் கல்லா மேல் வைத்தார். துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் யாரோ ஒரு பெண் அதன் மேல் 'கஸ்தூரி அக்கா' என்று எழுதியிருந்தாள். அண்ணாத்தே அதைக் கையில் எடுத்தார். எழுத்தில் பாதி அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. விரலைச் சட்டையில் துடைத்தார்.

"அட்த்த வால்யூம்ல போட்டுர்லாம், கஸ்தூரி."

"அட்த்த வால்யூமா? மெட்டு யாரு போடப் போறா?"

"இன்னா கேள்வி? நீதான்."

"நானா? நான் இன்னா வாசிச்சேன்?" அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "அட்டையில அத்தினி பேரு கீறாங்களே, அவங்கள போயி கேளு. டீக்காரரு நல்ல மெட்டா வெச்சிருப்பாரு."

டன்மோர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் ஒரு ஆளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிட்டாராலேயே அடித்திருப்பார்.

அதற்குப் பிறகும் அண்ணி தினம் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு ரயிலுக்காகக் காத்திருந்தார். முனகவில்லை. கம்பெனியில் முனகினார் என்று எங்கள் தெருப் பெண் ஒருத்தி சொன்னாள். ஆயுத பூஜைக்கு லைனில் எல்லாப் பெண்களும் சேர்ந்து அண்ணியின் புதுப் பாட்டு ஒன்றைப் பாடினார்களாம். கடைக்குள் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அண்ணாத்தே கிட்டாரை எடுத்துத் தானாக ஏதாவது செய்து பார்ப்பார். தொடக்கம் நன்றாக இருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும். ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்ப்பார். அண்ணி கடலைத் தோலை ஊதுவார். அத்தனை கொடுமையான ஊதலை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை.

இரண்டாவது வால்யூம் வரவே இல்லை. கேட்டவர்களிடம் "ஜனங்க டேஸ்டு மாறிப் போச்சு" என்றார். என்னால் தாங்க முடியாதது வேறு. கடையை மூடும் வரைக்கும், வருகிற ஒவ்வொருவரிடமும், அதே கோபத்தோடு, அதே சத்தத்தோடு "கூட வாசிச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒரு நாள் கூடக் குரல் இறங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சமீபத்தில் வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். அண்ணாத்தேவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மேடையில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பாடகிக்கு மாப்பிள்ளை வீட்டார் மாலை போட, இவர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு கீபோர்டு வாசிக்கிற பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு, "தம்பி, உம் பேரு இன்னா?" என்று கத்திக்கொண்டிருந்தார். பையன் பயந்துபோய்ச் சொன்னான். இவர் திரும்பிக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

அண்ணி என் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"அண்ணி, அண்ணாத்தேயப் பத்தி ஒண்ணு எழுதலாம்னு கீறேன்," என்றேன்.

"இன்னான்னு?"

"கேசட்டு கடை, டன்மோரு, பாரிவாக்கம், அம்மன் பாட்டு... அல்லாம்தான்."

அண்ணி கரண்டியை நக்கிவிட்டு, கப்பை நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"எழுது. அந்த ஆளு பேர மட்டும் போடாத."